கடன்படாத கல்யாணம்

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் ஒரு கல்யாணத்தின் செலவை மண்டபக்காரரோ சமையல்காரரோ தீர்மானிப்பதில்லை. மொய் நோட்டுதான் தீர்மானிக்கிறது. குடும்பம் இத்தனை ஆண்டுகளில் யார் யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்தது, அதை யார் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்த நோட்டில் இருக்கிறது. செய்தவர்களை எல்லாம் அழைத்தாக வேண்டும். அழைத்தவர்களுக்கு எல்லாம் இலை போட்டாக வேண்டும். இலை எண்ணிக்கை ஏறினால் மண்டபம் பெரிதாகும், பாத்திர வாடகை கூடும், பந்தல் நீளும், ஊரிலிருந்து ஆள் ஏற்றிவர வேன் கூடும். குறைந்த செலவில் அழகாக ஒரு கல்யாணத்தை நடத்த நினைக்கும் குடும்பம் பட்டுப்புடவைக் கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மொய் எழுதும் மேசையை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். பந்திக்குப் போகும் வழியில் அந்த மேசை இருக்கும். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. கையெழுத்து நன்றாக இருக்கும் பங்காளி ஒருவர் எழுத, நம்பிக்கையான மாமன் மச்சான் ஒருவர் பணத்தை வாங்கிப் பையில் போடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் பெயர், பிறகு ஊர் வாரியாக வரிசை. 501, 1,001 என்று ஒற்றை ரூபாய் சேர்த்தே தொகை வரும். எழுதியதை ஒலிபெருக்கியில் படிக்கிற ஊர்களும் உண்டு. அன்று இரவு வீட்டில் பையைக் கொட்டி எண்ணும்போது அது வரவாகத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். வைத்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்பதுதான் முறை என்பதால் கொஞ்சம் வளரும் கடனும்கூட.

“மொய் வந்தால் அடைத்துவிடலாம்” என்று சொல்லி வட்டிக்கு வாங்கும் பழக்கம் இங்கேதான் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. இரண்டு லட்சம் ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு என்று வாங்கினால் மாத வட்டி 4,000 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் மாதத்தில் 12 நாள் உழைப்பு வட்டிக்கே போகும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மூன்று ரூபாய் வட்டி என்றால் 18 நாள். மொய்ப் பணத்தில் அசலை அடைத்தாலும் மொய்க் கடன் அப்படியே நிற்கிறது. புதுமணத் தம்பதிகள் குடும்பம் தொடங்கும் முதல் இரண்டு ஆண்டுகளைச் சீரியல் லைட்டுக்கும் மேடை அலங்காரத்துக்கும் வட்டி கட்டிக் கழிப்பதைப் போல வருத்தமான காரியம் வேறு இல்லை.

எனவே திட்டத்தின் முதல் வேலை அழைப்புப் பட்டியல். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டிய பங்காளிகள், சம்பந்தி வழி, தாய்மாமன் வழி ஒரு பகுதி. உள்ளூர்த் தலைக்கட்டுகள் ஒரு பகுதி. வேலை செய்யும் இடத்து நண்பர்கள், திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பழக்கம் ஒரு பகுதி. மூன்றையும் தனித்தனியாக எழுதினால், முகூர்த்தத்தில் உட்கார வைத்து இலை போட வேண்டியவர்கள் முதல் பகுதியும் இரண்டாவதில் பாதியும்தான் என்பது தெரியவரும். மற்றவர்களுக்கு இன்னொரு நாள் மாலையில் வீட்டு வாசலில் இனிப்பு, காரம், காப்பியோடு ஒரு சிறு வரவேற்பு போதும். மொய்யையும் அப்போது எழுதிக்கொள்ளலாம். மொய்யை முகூர்த்தத்திலிருந்து பிரிப்பது குற்றமல்ல. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். அங்கே கல்யாணம் வேறு, கொடுக்கல் வாங்கல் வேறு.

மொய்யில் இன்னொரு சிக்கல், அது செலவு முடிந்த பிறகு வருவது. இதற்குத் தீர்வு அரியலூர் மாவட்டத்திலேயே, ஒரு தெய்வத் திருமணத்தில் இருக்கிறது. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடியில் பங்குனி மாதம் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்ற நம்பிக்கையில் வரன் தேடும் குடும்பங்கள் அங்கே திரளும். மாப்பிள்ளை வீடு திருவையாறு. அந்தக் கல்யாணத்துக்குச் சுற்றியுள்ள தலங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பொருள் கொடுத்தன என்பது மரபு: பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, வேதியர் திருவேதிகுடியிலிருந்து, அணிகலன் திருக்கண்டியூரிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் திருநெய்த்தானத்திலிருந்து. மாப்பிள்ளை வீடு கடன் வாங்கி எல்லாவற்றையும் தானே செய்ததாக அந்தக் கதை சொல்லவில்லை.

சிறு வருமானக் குடும்பத்தின் கல்யாணத்துக்கு இதைவிட நல்ல திட்டம் கிடைக்காது. நெருங்கிய உறவுகளிடம் முன்கூட்டியே பேசி, பின்னால் எழுதப் போகும் மொய்யை முன்னாலேயே பொருளாகச் செய்யச் சொல்ல வேண்டும். ஒரு மாமன் அரிசி மூட்டை, ஒரு சித்தப்பா எண்ணெய் டின்னும் பருப்பும், அத்தை வீட்டார் பூவும் மாலையும், நண்பர்கள் சேர்ந்து மேளம், தென்னந்தோப்பு இருப்பவர் கீற்றும் காயும். நோட்டில் பணத்துக்குப் பதில் பொருளை எழுதி, அன்றைய விலையையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் திருப்பிச் செய்யும்போது மனக்கசப்பு வராது. கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வட்டிக்காரரிடம் கேட்பதைவிட உறவிடம் கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. பொருளைக் கொடுத்தவர்கள் வேலைக்கும் முன்னால் நிற்பார்கள் என்பது இதில் கூடுதல் நன்மை.

எளிய கல்யாணம் என்பது இல்லாதவர்களின் கல்யாணம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே மறுக்கப்பட்டு வந்திருக்கிறது. 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் நடந்த திருமணம் முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடப்படுகிறது. பிறகு ஊர் ஊராக இத்தகைய திருமணங்கள் நடந்தன. என்றாலும் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், சடங்கில்லாத இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால், தாலி கட்டினால் போதும். புரோகிதர் கட்டாயமில்லை. முன்பு நடந்த அத்தகைய திருமணங்களுக்கும் அந்தச் சட்டம் செல்லுபடி தந்தது. ஊர் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புரோகிதரும் ஓமமும் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். அவை பெரிய செலவும் அல்ல. ஆனால் ஆடம்பரம் இல்லையென்றால் கல்யாணம் முழுமையாகாது என்ற பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2020 மே மாதம் ஊரடங்கில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியோடு வீட்டு வாசலிலும் சிறு கோயில்களிலும் நடந்த கல்யாணங்களும் குறையில்லாத கல்யாணங்களே.

அடுத்தது நாள். ஆடி, புரட்டாசி, மார்கழி தவிர்த்த மாதங்களில் நாள் பார்ப்பது வழக்கம். பஞ்சாங்கத்தில் வளர்பிறை முகூர்த்தமும் உண்டு, தேய்பிறை முகூர்த்தமும் உண்டு. எல்லாரும் வளர்பிறை ஞாயிற்றுக்கிழமையைத் தேடுவதால் அன்று மண்டபம், பூ, மேளம், வேன், வாழையிலை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி. தேய்பிறை முகூர்த்தத்தில், அதுவும் வார நாளில் வைத்தால் அதே மண்டபத்தின் வாடகையைப் பேசிக் குறைக்க முடியும். பஞ்சாங்கம் அனுமதித்த நாள்தான் அது. சாத்திரக் குறை ஏதுமில்லை. பணம் கையில் புரளும் காலத்தையும் கூடவே பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் தை, மாசியில் காசாகும். முந்திரி பங்குனி, சித்திரையில் காசாகும். வைகாசிக் கல்யாணத்துக்கு முந்திரிக்கொட்டை விற்ற பணம் கையில் இருக்கும். ஆவணியில் வைத்தால் அதே குடும்பம் நகையை அடகு வைக்க நேரிடும். வைகாசியில் இன்னொரு சௌகரியம் மல்லிகை. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை எட்டாத உயரத்துக்குப் போகும் மல்லி, கோடையில் தாராளமாக வரும். தையில் கல்யாணம் வைப்பவர்கள் மல்லிகையைக் கூந்தலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மாலைக்கும் மேடைக்கும் சாமந்தியும் சம்பங்கியும் வாங்குவது புத்திசாலித்தனம்.

இடம் என்று வரும்போது மண்டபம் தவிர மூன்று வழிகள் உள்ளன: வீட்டு வாசல், ஊராட்சியின் சமுதாயக் கூடம், கோயில். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் போன்ற இடங்களில் தாலி கட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி வீட்டில் விருந்து வைப்பது நன்றாக ஒத்துவரும். கோயிலில் நடத்த இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் திருமணம் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். ஒரு மாதம் முன்பே தயார் செய்துகொள்வது நல்லது. வீட்டு வாசலில் என்றால் தெருவை முழுதாக அடைக்காமல் பந்தல் போட வேண்டும். விளக்குக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்க வேண்டும். கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது உயிரோடு விளையாடுவது.

சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் பந்தியில்தான் குறைக்கிறார்கள். அது தவறு, வந்தவர் வயிறு நிறைந்து போவதுதான் கல்யாணத்தின் உயிர். குறைக்க வேண்டியது பந்திகளின் எண்ணிக்கையை. முந்தின நாள் இரவுச் சாப்பாடு, காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை வரவேற்பு என்று நான்கு வேளைக்குப் பதிலாக, இரவு தங்கும் சொந்தங்களுக்கு மட்டும் வீட்டுச் சமையல் செய்து, காலை ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் வைத்து, ஒரே மதியப் பந்தியை மனதாரப் போடலாம். வெளியூர்க்காரர்களுக்குக் காலையில் பொங்கலும் காப்பியும் போதும்.

சமையலில் இரண்டு முறைகள் நடப்பில் உள்ளன. இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவது ஒன்று. சாமான் வாங்கிக் கொடுத்து, சமையல் மாஸ்டருக்குக் கூலி மட்டும் கொடுப்பது இன்னொன்று. இலைக் கணக்கில் அலைச்சல் இல்லை. ஆனால் கடைசியில் எத்தனை இலை விழுந்தது என்பதில் சச்சரவு வரும், குறைந்தபட்ச எண்ணிக்கைக்கான பணத்தை ஆள் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். முந்நூறு பேர் வரையான கல்யாணத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் முறையே சிக்கனம், ருசியும் கையில் இருக்கும். நூறு பேர் மதியச் சாப்பாட்டுக்கு 10 முதல் 12 கிலோ அரிசி, சாம்பாருக்கு மூன்று கிலோ அளவில் துவரம்பருப்பு என்பது ஏறத்தாழ சரியான கணக்கு. மாஸ்டர் லிஸ்ட் இதைவிட வெகுவாக மிஞ்சினால் கேட்டுக்கொள்ளலாம். அரிசியைத் திருமானூர், தா.பழூர் பக்கத்து நெல் வயல்காரர்களிடமோ ஆலையிலோ நேராக வாங்கலாம். பூசணி, வாழைக்காய், அவரை, கத்தரி என்று அந்தப் பருவத்தில் விளைவதை வைத்தே கூட்டும் பொரியலும் முடிவு செய்ய வேண்டும். பட்டாணியும் காலிபிளவரும் இல்லாவிட்டால் விருந்து இல்லையா என்ன? பாயசத்துக்கும் கேசரிக்கும் முழு முந்திரி வாங்கத் தேவையில்லை. உடைத்த பருப்பு விலை குறைவு, ருசி ஒன்றே. முந்திரி விளையும் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசையில் பிளாஸ்டிக் தாள் விரிப்பது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒன்று. வாழையிலையும் காகித விரிப்பும் எவர்சில்வர் தம்ளரும் அழகுக்கும் அழகு, சட்டத்துக்கும் ஏற்றது. பரிமாறும் வேலையை ஊர்ப் பிள்ளைகள் ஏற்றால் ஒவ்வொரு பந்தியையும் விசாரிக்க வீட்டுப் பெரியவர் ஒருவர் நின்றே ஆக வேண்டும். குழம்பு வந்ததா, மோர் வந்ததா என்று அவர் கேட்கும் ஒரு வார்த்தையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அலங்காரத்தில்தான் கை வேலையின் மதிப்பு முழுதாகத் தெரியும். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை, மாவிலை, தென்னங்குருத்துத் தோரணம். குருத்தோலையைக் கீறி, மடித்து, கிளியும் கூடையும் பின்னத் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். முந்தின நாள் பிற்பகல் அவரை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு பின்னினால் பொழுது சாய்வதற்குள் பந்தல் முழுவதும் கிளிகள் தொங்கும். குருத்தின் வெளிர் மஞ்சள் மறுநாள் காலை வரை வாடாமல் இருக்கும். வாசலில் செம்மண் இட்டு மாக்கோலம் போட இரண்டு பெண்கள் போதும். துணிப் பூவும் தெர்மாகோலும் கொண்டு கட்டும் மேடை இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ப்ளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, இரு சக்கர வண்டியில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது ஒரு கல்யாணத்துக்காக வைத்த பேனர். ஒரு வீட்டு மங்கலம் இன்னொரு வீட்டுக்குச் சாவாக முடிந்தது.

மேளத்துக்கு உள்ளூர் நாதஸ்வரம், தவில் குழு ஒன்று போதும். வெளி மாநிலத்துச் செண்டையும் டிஜேயும் செலவை ஏற்றுமே தவிர, தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்கு ஈடாகாது. படம் எடுக்க ஒருவரை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் பேசிக்கொண்டு, தேர்ந்தெடுத்த ஐம்பது அறுபது படங்களை நல்ல தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். பத்திரிகையில் மஞ்சள் தடவி நேரில் கொடுக்க வேண்டிய வீடுகளுக்கு மட்டும் அச்சடித்தால் போதும். மற்றவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு ஒரு வார்த்தை பேசிவிடலாம்.

கூறைப் புடவைக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்துச் செங்குந்தபுரத்தில் கைத்தறி நெசவு உண்டு. கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் தீபாவளிக் காலத்தில் கிடைக்கும் தள்ளுபடியைக் கணக்கில் வைத்து, நாள் குறிக்கும் முன்பே வாங்கி வைக்கலாம். ஒரு நல்ல பட்டு போதும். நலங்குக்கும் வரவேற்புக்கும் பருத்தியே கட்டலாம்.

தங்கம் எல்லாக் கணக்கையும் தலைகீழாக்கிவிட்டது. 2025 முடிவதற்குள் ஒரு பவுன் விலை 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. விலையோடு சேதாரம், செய்கூலி, 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரம் ஏறும். நாளைக்கு விற்கும்போதோ அடகு வைக்கும்போதோ அது திரும்பி வராது. மஞ்சள் கயிற்றில் பொட்டுத் தாலியும் இரண்டு குண்டும் போதும். எதை வாங்கினாலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் பார்த்து வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் கட்டாயம். பாட்டியின் பழைய நகை இருந்தால் அழித்துப் புதிதாகச் செய்யாமல் மெருகேற்றி அணிவதே லாபம், பார்க்கவும் அழகு.

இத்தனை சிக்கனத்தையும் ஒரே பேச்சில் வீணாக்குவது வரதட்சிணை. பெண் வீட்டார் பந்தலில் மிச்சம் பிடிப்பது சில ஆயிரம். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பைக்கும் பவுனும் பல லட்சம். 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். தண்டனை ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. அபராதம் 15,000 ரூபாய் அல்லது வரதட்சிணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அது. மாப்பிள்ளை வீட்டில் முதல் பேச்சிலேயே “எங்களுக்கு எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிடுவதும், கல்யாணச் செலவை இரு வீட்டாரும் பாதிப் பாதியாக ஏற்பதும்தான் எளிய கல்யாணத்தின் உண்மையான அடித்தளம். மாப்பிள்ளையே வாய் திறந்து அதைச் சொல்ல வேண்டும். பெண் வீட்டார் கேட்டு வாங்குகிற சலுகையாக அது இருக்கக் கூடாது.

அரசின் உதவிகளும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த தாலிக்குத் தங்கம் திட்டம் 2022-இல் புதுமைப் பெண் என்ற உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது; தகுதியுள்ள மாணவிகளுக்கு உயர்கல்வி படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆதரவற்ற விதவையின் மகள், பெற்றோரை இழந்த பெண், விதவை மறுமணம், கலப்புத் திருமணம் ஆகியவற்றுக்கான திட்டங்கள் தனித்தனியே உள்ளன. நாள் குறித்தவுடனேயே மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்டு, அந்தந்தத் திட்டத்துக்கு உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்து சமய அறநிலையத் துறை 2022-23 முதல் ஏழை இணைகளுக்குக் கோயில்களில் தன் செலவிலேயே தாலியும் சீர்வரிசையும் தந்து திருமணம் நடத்திவைக்கிறது.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நாள் நல்லது, மண்டபம் மலிவு என்பதற்காக அவசரப்பட முடியாது. மதம் கடந்து மணப்பவர்கள் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்வதென்றால் 30 நாள் அறிவிப்புக் காலத்தையும் கணக்கில் சேர்த்து நாள் குறிக்க வேண்டும். எந்த முறையில் நடந்த கல்யாணமானாலும் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. பத்திரிகை, கல்யாணப் படம், வயது மற்றும் முகவரிச் சான்றுகள், சாட்சிகள் தேவைப்படும். கடவுச்சீட்டுக்கும் குடும்ப அட்டைக்கும் பிற்காலத்தில் வாரிசு உரிமைக்கும் இந்தச் சான்றே கேட்கப்படும் என்பதால், மறுவீட்டு விருந்து முடிந்த வாரமே பதிவை முடித்துவிடுவது நல்லது.